விறகு விலைக்குப் போன அலமாரிகள்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இது கொஞ்சம் நீளமான புலம்பல். பலா மரம், பலகை, பீரோ, விறகு வியாபாரி என்று சுற்றிச் சுற்றி வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

போன மாதம் கல்லூரியில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு உறுதிமொழி வாசித்தார்கள். "மரங்களைக் காப்பேன், மரத்தால் ஆன சாமான்களை வாங்க மாட்டேன்" என்று வலது கையை நீட்டிச் சொல்ல வேண்டும். முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதிக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற நண்பன் "என்னடா, மரக்கடை வைக்கப் போறியா?" என்று கேட்டான். மேடையைப் பார்த்தேன். உறுதிமொழித் தாளை வைத்திருந்த மேஜையின் ஓரத்தில் சன்மைக்கா பிய்ந்து, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ரொட்டி போல உப்பிக்கொண்டு தெரிந்தது. அதுவும் மரம்தான் சாமி. மரத்தை அரைத்து, பிசின் கலந்து, சூடு போட்டு அமுக்கிய மரம். அதை வாங்கலாமாம், முழுப் பலகையில் செய்ததை வாங்கக் கூடாதாம்.

அன்றைக்கே அவனுக்குப் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங். அதனால் இங்கே.

நிற்க. என் பின்னணி தெரியாதவர்களுக்கு: ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். வடகாடு, கீரமங்கலம் என்றால் பலாப்பழ வியாபாரிகளுக்குத் தெரியும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை இருக்கிறதோ இல்லையோ, கொல்லைக்கு நாலு பலா இருக்கும். இருந்தது என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் தலைக்கு மேலே போனது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் ஆகாயம் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம்தான் எண்ண ஆரம்பித்தோம். எங்கள் கொல்லையில் மட்டும் பதினோரு பலா, மூன்று மா, ஒரு வேம்பு. தென்னையை எண்ணவில்லை, எண்ண மனசு வரவில்லை.

அதற்கடுத்த ஒரு மாதத்தில் நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. புயலை யாரும் தடுக்க முடியாது. அதற்குப் பின்னால் லாரி லாரியாக வந்தது விறகு வியாபாரம். தாத்தா தன் கல்யாணத்துக்கு முன்னால் நட்ட மரம், இரண்டு ஆள் கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது, வைரம் பாய்ந்து கிடந்தது. அதை மூன்று மூன்று அடியாகத் துண்டு போட்டு, செங்கல் சூளைக்கு ஏற்றிப் போனார்கள். வழியை அடைத்துக்கொண்டு கிடந்த மரத்தை எடுத்தால் போதும் என்றிருந்தது எல்லோருக்கும். கொடுத்த காசை வாங்கிக்கொண்டோம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வீட்டுக் கூரையே இல்லாதவனிடம் போய்ப் பலகை அறுத்து வை என்று சொல்வது கொழுப்பு. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் அதே ஊரில் வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். கதவு, நிலை, அலமாரி எல்லாம் வேண்டியிருந்தது. எங்கிருந்து வாங்கினார்கள்? டவுன் கடையில் இருந்து. கதவெல்லாம் தூள் பலகை, பிளைவுட். நிலைக்கு வெளிநாட்டு மரம். எங்கள் பலா செங்கல்லாகவும் சாம்பலாகவும் போய், அந்தச் செங்கல்லில் வீடு கட்டி, அந்த வீட்டுக்கு எங்கிருந்தோ கப்பலில் வந்த மரத்தில் நிலை வைத்தோம். வணிகவியல் படிப்பவனுக்கு இதை விடப் பெரிய கேஸ் ஸ்டடி வேண்டுமா?

பலா மரத்தை என்னவென்று நினைத்தீர்கள்? தஞ்சாவூர் வீணையைச் செய்வது பலாவில். மிருதங்கத்தின் கட்டையைக் கடைவது பலாவில். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுபவர்கள் கொல்லையில் நிற்கும் பலாவை விறகு விலைக்குத் தள்ளுவதைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. அறுத்த அன்றைக்கு மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். பழகப் பழகத் தேன் நிறம், அப்புறம் காபி நிறம். கரையான் அதன் வைரத்தை அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஓரத்து வெள்ளையை விட்டுவிட வேண்டும், அதை வண்டு தின்னும். தேக்கு அளவுக்கு ஒழுங்கான பிள்ளை இல்லைதான், இழைக்கும்போது எதிர் நார் பிய்த்துக்கொண்டு வரும். அதற்காக அடுப்பில் வைப்பதா?

நம் ஊரில் 'மரம்' என்றால் தேக்கு. மற்றதெல்லாம் விறகு. இந்தத் தேக்கு மோகத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. பர்மா தேக்கு என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் முழு மரமாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. இப்போது கடைகளில் கிடப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் இருந்தும் தென் அமெரிக்காவில் இருந்தும் கப்பலேறி வந்த தோட்டத் தேக்கு. இளம் மரம், வைரம் கம்மி. பெயர் மட்டும் தேக்கு.

மாமரத்தின் கதை இதை விட மோசம். ராஜஸ்தானில் ஜோத்பூர் என்று ஒரு ஊர். சுற்றிலும் பாலைவனம். அங்கே மா மரத்தில் அலமாரியும் மேஜையும் செய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். பாலைவனத்துக்காரனுக்கு மா மரத்தில் அலமாரி தெரிகிறது, மாந்தோப்புக்காரனுக்கு விறகு தெரிகிறது. இன்னொன்று, மலேசியா. நம்மவர்கள் போய் ரத்தம் சிந்திய ரப்பர் தோட்டங்கள் இருக்கிறதே, அங்கே பால் வற்றிய மரத்தை ஒரு காலத்தில் வெட்டி எரிக்கத்தான் செய்தார்கள். ரப்பர் மரம் வெட்டிய சில நாளிலேயே பூசணம் பிடிக்கும், வண்டு விழும், தேறாத மரம் என்று பெயர். வெட்டியவுடன் அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு மலேசியாவின் மரச் சாமான் ஏற்றுமதியைத் தாங்கி நிற்பதே அந்தத் தேறாத மரம்தான்.

சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் சொல்லக் கூடாது.

கஜாவில் தப்பித்த ஒரு பலா, வேர் ஆடிப்போய்ச் சாய்ந்தபடியே நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அதுவும் படுத்துவிட்டது. வழக்கம்போல விறகுக்காரர் வந்தார். முழு மரத்துக்கு 2,500 ரூபாய் என்றார். அப்பா சரி என்று சொல்வதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். அடி மரம் எட்டு அடி நீளத்தை விட்டுவிட்டு கிளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்போ ஆயிரம்தான் தம்பி" என்றார். ஆக, அந்த அடி மரத்தின் விலை 1,500 ரூபாய். கணக்கில் குறித்துக்கொண்டேன். சித்தப்பா மட்டும் "படிக்கிற பயலுக்கு ஏன் இந்த வேலை, ஒரு ஸ்டீல் பீரோ வாங்கிப் போட்டா முடிஞ்சு போச்சு" என்றார். நியாயமான கேள்வி. அம்மா கல்யாணத்துக்கு வந்த ஸ்டீல் பீரோ இன்றைக்கும் கிண்ணென்று நிற்கிறது, அதை நான் திட்டவே மாட்டேன். என் சண்டை தூள் பலகையோடும், விறகுத் தராசோடும்தான்.

மரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரியுமா? நடுவில் கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். எங்கள் மரம் சுற்றளவு 5 அடி. நாலில் ஒன்று ஒன்றேகால் அடி. ஒன்றேகாலை ஒன்றேகாலால் பெருக்கி எட்டால் பெருக்கினால் 12.5 கன அடி. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த வட்டப் பரப்புக் கணக்குப்படி போட்டால் ஏறக்குறைய 15.9 கன அடி வருகிறது. மீதி 21 சதவீதத்துக்கு மேலே எங்கே போச்சு? அறுக்கும்போது சேதாரம் ஆகும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சூத்திரத்திலேயே கழித்துவிட்டார்கள். வாங்குபவனுக்கு இந்தக் கணக்கு தெரியும். விற்கும் விவசாயிக்கு? அவனுக்குக் கன அடியே தெரியாது, "மரம் என்ன விலை" என்றுதான் கேட்பான். விறகுக்காரரோ டன்னில் பேசுவார். ஒரே பொருளுக்கு மூன்று அளவை, அதில் ஏமாறுவது எப்போதும் ஒரே ஆள்.

டவுனில் மர மில்லுக்குப் போய்க் கேட்டேன். "வீட்டு மரமா? எடுத்துக்கிட்டுப் போ தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்றால் வீட்டு மரத்தில் ஆணி இருக்கும். கொடி கட்ட ஒரு ஆணி, ஊஞ்சலுக்கு ஒரு கொக்கி, மாட்டைக் கட்ட ஒரு முளை, தேர்தலுக்கு ஒரு தகர போர்டு. நாற்பது வருடத்தில் மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மில்லின் பட்டை ரம்பம் அதில் பட்டால் பல் மொத்தமும் போச்சு. அவர்கள் பயம் நியாயம்தான். ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவிப் பார்த்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை என்பதும் நிஜம்தான். யார் வைப்பார்கள், வருடம் முழுக்கத் தோட்டத்து மரம் வந்துகொண்டிருக்கும்போது?

அப்புறம்தான் நாமே அறுப்போம் என்று இறங்கினோம். அந்தக் காலத்தில் மரத்தை உயரமாகத் தூக்கி வைத்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள வாளால் இழுத்து அறுப்பார்களாம். அப்பாயி கதை கதையாகச் சொல்லும். இப்போது அந்த வாளும் இல்லை, ஆளும் இல்லை. செயின் ரம்பம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைப் பிடித்தோம். மாமா பையன் வெல்டிங் பட்டறையில் ஒரு சட்டம் செய்து கொடுத்தான். ரம்பத்தை அதில் பூட்டினால் ஒரே தடிமனில் பலகை வரும். முதல் அறுப்புக்கு மட்டும் சமமான மேற்பரப்பு கிடையாதே, அதற்கு வீட்டில் இருந்த அலுமினிய ஏணியை மரத்தின் மேலே படுக்கவைத்துக் கட்டி, அதன் மேல் சட்டத்தை ஓட்டினோம். அடுத்தடுத்த அறுப்புக்கு அறுத்த முகமே வழி காட்டும். எளிமையான தந்திரம், ஆனால் ஏணி ஒரு நூல் கோணினால் மரம் முழுக்கக் கோணும். ரசமட்டம் வைத்து அரை நாள் ஏணியோடு மல்லுக்கட்டினோம்.

நாலாவது பலகையில் ஆணி. டொக் என்று ஒரு சத்தம், ஒரு பொறி. புத்தம் புதுச் செயின், 1,100 ரூபாய். ஆணியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. அது தாத்தா லாந்தர் மாட்டுவதற்கு அடித்த ஆணி என்று அப்பாயி ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. அந்தக் கறுப்பு இப்போது அலமாரியின் இடது கதவில் இருக்கிறது. ஆசாரி அதை வெட்டி எறியத்தான் சொன்னார். நான் விடவில்லை.

செயின் ரம்பத்தால் அறுப்பதில் ஒரு பெரிய பாவம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டை ரம்பம் ஒரு அறுப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் தின்றால், செயின் கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர் தின்னும். பன்னிரண்டு அறுப்பு. பத்தொன்பது அங்குல விட்டத்தில் நாலரை அங்குலத்துக்கு மேலே தூளாகவே போனது. கொல்லை முழுக்க மஞ்சள் தூள் கொட்டிவைத்த மாதிரி. கடைசியில் தேறிய பச்சைப் பலகை எட்டு கன அடி. மில்காரர் மனசு வைத்திருந்தால் இன்னும் இரண்டு கன அடியாவது கிடைத்திருக்கும். இன்னொன்று, இந்த ரம்பத்தை நான் தொடவில்லை, சட்டத்தைத் தள்ளுவதும் ஆப்பு வைப்பதும்தான் என் வேலை. வீடியோ பார்த்துவிட்டு யாராவது இறங்கினால் கால் போய்விடும், விளையாட்டு இல்லை.

அறுத்தது இரண்டு நாள். காயவைத்தது பதினாலு மாதம். இங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள். பச்சை மரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் தெரியுமா? சில மரங்களில் மரத்தின் உலர்ந்த எடைக்குச் சமமாகவே இருக்கும். அதில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும் வரைக்கும் மரம் சுருங்காது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருங்க ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவில் இருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை வளைகிறது, முறுக்குகிறது, நடுவே வெடிக்கிறது. "மர சாமான் வாங்கினேன், வெடிச்சிடுச்சு" என்று சொல்பவர்கள் நிஜத்தில் வாங்கியது அவசரத்தை.

மாட்டுக் கொட்டகையில் ஒரு ஓரத்தைக் காலி செய்து, பலகைக்குப் பலகை நடுவில் ஒரு அங்குலச் சட்டத் துண்டுகள் வைத்து அடுக்கினோம். துண்டுகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வரும். இரண்டு முனைகளிலும் மிச்சமிருந்த பெயிண்டை அப்பினோம், ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், ஓடினால் வெடிக்கும். வண்டுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்துப் பூசினோம். பிறகு ஒரு துண்டுப் பலகையை மாதா மாதம் மளிகைக் கடைத் தராசில் எடை போட்டு எக்செல்லில் ஏற்றினேன். கடைக்காரர் "இந்த மாசம் எவ்வளவு இளைச்சிருக்கு?" என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது :-) எடை இறங்குவது நின்றபோது மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது குளிர் தேசத்துக் கணக்கு, நம் வெயிலுக்கு அவ்வளவு வேண்டாம். இருந்தாலும் நடுவில் ஒரு மழைக்காலம் வந்தபோது எடை திரும்ப ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் மரம் மூச்சு விடுகிறது என்று ஆசாரிகள் சொல்வது எனக்குப் புரிந்தது.

ஆசாரியைப் பற்றி. அறுபது தாண்டியவர். ஒரு காலத்தில் எங்கள் ஊர் நிலைக்கதவுகள் பாதி அவர் கை. இப்போது அவருக்கு வரும் வேலை என்ன தெரியுமா? டவுனில் வாங்கி வந்த தூள் பலகை பீரோவுக்குக் கழன்ற கீலைத் திரும்ப மாட்டித் தருவது. ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினால் பிடிக்காது, உள்ளே எல்லாம் மாவாகியிருக்கும். தீக்குச்சியைத் திணித்து முடுக்கி நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார். அவர் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில். இந்த அலமாரிக்கு ஒன்பது நாள் வேலை செய்தார். நான் எடுபிடி. இழைப்புளியை நார் போகிற திசையில் தள்ளத் தெரிவதற்கே எனக்கு மூன்று நாள் ஆனது.

கதவுப் பலகையைச் சட்டத்தில் வைத்து நான் ஆணி அடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பலகையைக் கட்டிப் போடாத தம்பி. அது மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். காடிக்குள்ள சும்மா உக்காந்திருக்கணும். கட்டிப் போட்டா ஒண்ணு சட்டம் பிரியும், இல்லாட்டிப் பலகை வெடிக்கும்" என்றார். சட்டத்தில் ஒரு காடி இழைத்து, அதில் பலகையைப் பசை போடாமல் விட்டு, சட்டத்தின் மூலைகளில் துளையும் கழுந்துமாக மாட்டினோம். மூலைகளில் ஒரு ஆணி கிடையாது. ஆயிரம் வருடத்துக் கோயில் கதவுக்கும் இதே அடிப்படைதான். இது புத்தகத்தில் இல்லாத வித்தையா என்றால், இல்லை, இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் எந்தப் பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சொல்வது கிடைக்கவில்லை. ஊரில் அது தெரிந்த கடைசி ஆள் தீக்குச்சி திணித்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கு கேட்பவர்களுக்குக் கணக்கு. ரம்பம் வாடகையும் பெட்ரோலும் 3,200. செயின் 1,100. சட்டம் செய்ய 1,400. மருந்து 450. ஆசாரி கூலி ஒன்பது நாளைக்கு 9,900. கீல், தாழ்ப்பாள், பூட்டு 1,350. உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட் 900. மொத்தம் 18,300. விறகுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் 1,500-ஐயும் வாய்ப்புச் செலவாகச் சேர்த்தால் 19,800. என் உழைப்புக்கு நான் கூலி போடவில்லை. போட்டால் நஷ்டம்தான், மறைக்கவில்லை.

"இதே சைஸ் ரெடிமேடு 8,500-க்குக் கிடைக்குமே?" கிடைக்கும். 2021-ல் அக்காவுக்கு அப்படித்தான் ஒன்று வாங்கினோம். முதல் மழைக்காலத்தில் அடிப்பலகை உப்பியது. இரண்டாவதில் கதவு சாய்ந்தது. நாலாவது வருடம் வாசலுக்கு வந்தது. பழைய இரும்புக்காரர் அதைப் பார்த்து "இதை எடுத்துக்கிட்டுப் போக நீங்கதான் எனக்குக் காசு தரணும்" என்றார். அதாவது எஞ்சிய மதிப்பு பூஜ்யம். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருடத்துக்கு 2,125 ரூபாய். எங்கள் அலமாரி நாற்பது வருடம் தாங்கும் என்று ஆசாரி சொல்கிறார். வருடத்துக்கு 495. பாதியாகக் குறைத்து இருபது வருடம் என்று வைத்தாலும் 990. பி.காம். முதல் வருடக் கணக்கு இது. இதைப் போடத் தெரிந்த என் வகுப்புத் தோழர்கள்தான் ஈ.எம்.ஐ.யில் தூள் பலகை வாங்குகிறார்கள்.

அந்தத் தூள் பலகைகளில் பெரும்பாலானவற்றை ஒட்டிவைப்பது யூரியா ஃபார்மால்டிஹைட் பிசின். புதுப் பீரோவைத் திறந்தால் கண் எரிகிறதே, அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் வைத்துவிட்டது. ஒரு பீரோ வாங்கினால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தவில்லை, அளவு முக்கியம், நல்ல தரத்தில் குறைந்த வாயு விடும் பலகைகளும் இருக்கின்றன. ஆனால் பசுமை உறுதிமொழியில் இதற்கு இடம் இருக்கிறது, கொல்லைப் பலாவுக்கு இடமில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கரிக் கணக்கும் பார்த்துவிடலாம், உறுதிமொழிக்காரர்களுக்கு அதுதானே பிடிக்கும். அலமாரி ஏறக்குறைய 80 கிலோ. மிச்ச ஈரத்தைக் கழித்தால் 70 கிலோ மரம். காய்ந்த மரத்தில் பாதி கரி, அதாவது 35 கிலோ. எரித்திருந்தால் அது கிட்டத்தட்ட 128 கிலோ கரியமில வாயுவாகச் சூளையில் ஒரு மத்தியான நேரத்தில் போயிருக்கும். இப்போது அப்பாயியின் புடவைகளைத் தாங்கிக்கொண்டு அறைக்குள்ளே நிற்கிறது. இது ஒன்றும் உலகத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால் மரத்தைக் காப்பது என்றால் விழுந்த மரத்துக்கு என்ன செய்வது என்பதும் அதில் சேர்த்திதானே?

"எல்லோரும் இப்படி வெட்ட ஆரம்பித்தால் காடு என்னாகும்?" என்று பின்னூட்டம் வரும், தெரியும். காடு வேறு, கொல்லை வேறு. 1988 தேசிய வனக் கொள்கையே தொழிற்சாலைகளுக்குத் தேவையான மரத்தை இயற்கைக் காட்டில் இருந்து எடுக்காதே, விவசாயியிடம் வளர்க்கச் சொல்லி வாங்கு என்றுதான் சொல்கிறது. இன்றைக்கு இந்தியாவில் கிடைக்கும் உள்நாட்டு மரத்தில் பெரும்பகுதி வயலோரத்திலும் தோப்பிலும் வளர்ந்ததுதான். நம் நீலகிரி கூடலூர்க் காட்டுக்காக நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், அதில் 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவும், அதைத் தொடர்ந்து லைசென்ஸ் இல்லாத மர மில்களுக்குப் பூட்டு விழுந்ததும் நல்லதுக்குத்தான். அது இல்லாவிட்டால் கூடலூரில் இன்றைக்கு நிழலுக்குக்கூட மரம் இருந்திருக்காது. நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் காட்டுக்குப் போட்ட பயம் கொல்லைக்கும் வந்துவிட்டது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, சரி. அதைக் கேள்விப்பட்ட விவசாயி பலாவுக்கும் வேம்புக்கும் சேர்த்துப் பயப்படுகிறார். லாரியில் பலகை ஏற்றினால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், விறகு ஏற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் ஊரில் நிலவும் நம்பிக்கை. வரியும் அப்படித்தான். விறகுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உருட்டு மரத்துக்கும் அறுத்த பலகைக்கும் 18 சதவீதம். ஏழையின் அடுப்புக்கு வரி வேண்டாம் என்பது புரிகிறது. ஆனால் அந்த விலக்கில் நுழைந்து போவது செங்கல் சூளையின் லாரியும்தான். மூங்கிலுக்கு 2017-ல் ஒரு விடிவு வந்தது. காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் இனி மரம் இல்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தொல்காப்பியர் அதை எப்போதோ சொல்லிவிட்டார், வெளிப்பக்கம் வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று. தில்லிக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆனது :-)

அப்படியானால் எல்லோரும் ரம்பம் எடுக்க வேண்டுமா? வேண்டாம். நான் செய்தது பைத்தியக்காரத்தனம், அதைக் கொள்கையாக விற்க மாட்டேன். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஆணி மரத்தையும் வாங்கி அறுத்துத் தரும் ஒரு சின்னப் பட்டை ரம்பம், ஒரு மெட்டல் டிடெக்டர், பலகை அடுக்க ஒரு கொட்டகை. கூட்டுறவுச் சங்கம் உரத்துக்கு வைத்திருக்கும் கிடங்கில் பாதி போதும். புயல் அடித்த மறுநாள் நிவாரண அரிசியோடு இதுவும் வந்திருந்தால், 2018-ல் எங்கள் தாலுகாவில் விழுந்த பலாவில் எத்தனை வீட்டு நிலைகள் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெல்டாவுக்கு அடுத்த புயல் வராது என்று யாராவது எழுதிக் கொடுப்பீர்களா?

அலமாரி சித்திரையில் முடிந்தது. மூன்று கோட் அரக்கு பாலிஷ். அப்பாயி முதல் நாள் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தது. அப்புறம் லாந்தர் ஆணியின் கறுப்பைப் புடவை முந்தானையால் துடைத்தது. அது போகாது அப்பாயி, மரத்துக்குள்ளே இருக்கிறது என்றேன். "தெரியும் போடா" என்றது. சித்தப்பா மட்டும் இன்னும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா தேக்கு இல்லையே" என்கிறார்.

வெல்டிங் சட்டம் மாட்டுக் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. இருபது அங்குலம் வரைக்கும் உள்ள மரத்தை அறுக்கலாம். ஆலங்குடி, பட்டுக்கோட்டை பக்கம் யார் வீட்டிலாவது மரம் விழுந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். விறகுக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்லுங்கள். செயின் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் :-)

பி.கு: ஐப்பசி மழைக்கு வலது கதவு உப்பிக்கொண்டு திறக்க மறுத்தது. இழைப்புளியை எடுத்தேன். ஆசாரிக்குப் போன் போட்டால், "கையை வச்சிடாத, தை மாசம் வரைக்கும் பொறு" என்றார். அதனால் இப்போதைக்கு இடது கதவு வழியாகத்தான் புடவை எடுக்கிறோம்.